மயக்கம் என்றுதான் சொன்னேன்

ஜொகூர் பாரு
21 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சந்திரமதி அக்காவுக்கு,

ஐலீன் எழுதுகிறேன். நீங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் தடுத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பாலோவுக்கே வந்தேன். கேட் பூட்டியிருந்தது, உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். கோபம் நியாயமானது என்பதால் கூப்பாடு போடவில்லை.

பத்திரிகையில் வந்தது தவறு. உங்கள் தம்பி ரூபேந்திரனை லாக்கப்பிலிருந்து நாலாம் நாள் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது குடிபோதையில் இருந்தார் என்று நீங்கள் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஏப்ரலில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்கள் வாக்குமூலத்தை மலாயில் எழுதியவள் நான். எனக்குத் தெரியும். அதைக் கோலாலம்பூரில் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது குளறுபடி ஆகிவிட்டது. மூன்று அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை என்பதால் பல கை மாறிப் போனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

எதற்கு மூன்று அமைப்பு என்று முன்பே கேட்டீர்கள். எங்கள் மனித உரிமை மையம் மட்டும் கடிதம் போட்டால் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கோலாலம்பூர் வழக்கறிஞர் குழு சேர்ந்தால் பதில் வரும். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துச் சொல்ல நம்மிடம் ஆளில்லை. வெளிநாட்டு அமைப்பில் அதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி மரண விசாரணை தொடங்குகிறது. குடும்பத்தின் சார்பில் வழக்கறிஞர் மூர்த்தி உள்ளே உட்கார வேண்டுமானால் உங்கள் கையெழுத்து வேண்டும். அதற்கான விண்ணப்பப் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் ரூபேனுக்காகக் கேள்வி கேட்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். தயவுசெய்து யோசியுங்கள்.

அன்புடன்,
ஐலீன்


பாலோ
2 செப்டம்பர் 2023

மிஸ் ஐலீன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி என்னிடம் பேச வேண்டியது எதுவானாலும் எழுத்தில் வரட்டும். வாயால் சொன்னதைத்தானே மாற்றிவிட்டீர்கள். நானும் எழுதியே சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ் இதற்காவது உதவட்டும்.

அன்றைக்கு கேட்டில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். திறக்க மனசு வரவில்லை.

நான் குளுவாங்கில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் இருக்கிறேன். பேப்பர் வந்த மறுநாள் என் பக்கத்தில் டேப் ஒட்டுகிறவள், "ஏன் கா, நாங்கதான் தெரியாம அவருக்காகப் பேசினோம், நீங்களே குடிகாரன்னு சொல்லிட்டீங்களே?" என்றாள். அவள் நல்லவள்தான். அதனால்தான் இன்னும் வலித்தது. கோயிலில் நிர்வாகத் தலைவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி உண்டியல் பக்கம் போனார்.

என் தம்பி ஒரு காலத்தில் குடித்தான். நான் மறைக்கவில்லை. லோரி ஓட்டிவிட்டு வந்து பாட்டிலோடு உட்காருவான். ஒருநாள் என் மகள் லோஷினி பயந்து அறையைப் பூட்டிக்கொண்டாள். அன்றைக்கு விட்டான். செத்துப்போன அன்றைக்கு விட்டு பதினோரு மாசம். அந்தப் பதினோரு மாசத்தை நீங்கள் மூன்று பேரும் ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள்.

அதிலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நாலு நாள் லாக்கப்பில் கிடந்தவன் எப்படிக் குடித்திருப்பான்? அங்கே கடை வைத்து நடத்துகிறார்களா? இவ்வளவு படித்தவர்கள், ஒருவருக்குமா தோன்றவில்லை?

மயக்கம் என்றுதான் நான் சொன்னேன். "மயக்கமா வருதுக்கா" என்று என்னிடம் சொன்னான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வேர்வை. சட்டையில் வாந்தி நாற்றம். இதைத்தான் உங்களிடம் சொன்னேன்.

மூன்று அமைப்பு, மூன்று சின்னம், ஒரே தாளில் அழகாகத்தான் இருந்தது. நல்லது நடந்தால் மூன்று பேரும் செய்தது. தப்பு நடந்தால் கை மாறிப் போய்விட்டது. ரொம்ப வசதி.

பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரலில் நான் கையெழுத்துப் போட்ட அந்த மலாய்த் தாளின் பிரதியை எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கு உங்களை நம்பி வாசிக்காமல் போட்டேன். இப்போது வாசிக்க வேண்டும்.

சந்திரமதி


ஜொகூர் பாரு
10 செப்டம்பர் 2023

சந்திரமதி அக்காவுக்கு,

பிரதி இத்துடன் இருக்கிறது. மூன்றாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி. நீங்கள் தேட வேண்டாம் என்று நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

அதில் ‘மாபோக்’ என்று இருக்கிறது. அதை எழுதியது என் கைதான்.

போன கடிதத்தில் கோலாலம்பூர் மேல் பழியைப் போட்டேன். அதை எழுதும்போது நான் இந்தத் தாளை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் கோப்பைத் திறந்தேன். அங்கே மொழிபெயர்த்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. மாபோக் என்று இருந்ததைக் குடிபோதை என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறாள். அவள் செய்ததில் பிழையே இல்லை.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் பெக்கோக்கில் வளர்ந்தவள். சிகாமட்டுக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். அப்பா கண்டக்டரிடம் "என் மகளுக்கு மாபோக்" என்று மலாயில் சொல்லி பிளாஸ்டிக் பை வாங்குவார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். வீட்டில் யாரும் குடித்ததில்லை, அதனால் இன்னொரு அர்த்தம் என் காதில் விழவே இல்லை. நீங்கள் வேர்வை, வாந்தி, தள்ளாட்டம் என்று சொல்லச் சொல்ல என் கை அந்தச் சொல்லை எழுதிவிட்டது. எழுதியதைத் தமிழில் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். மழை வருகிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

இன்னும் மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாள் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டது. வெளிநாட்டு டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ரூபேனுக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. சாவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே, அதாவது கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே, தொடங்கியிருக்கும். அப்படிக் கசிந்தால் மயக்கம் வரும், வேர்க்கும். நீங்கள் கோர்ட்டில் பார்த்தது அதைத்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் தாளில் மாபோக் என்று இருப்பதால், பழைய குடிகாரன், குடி கிடைக்காமல் தள்ளாடி விழுந்து அடிபட்டான் என்று போலீஸ் தரப்பு வக்கீல் சொல்லப் போகிறார்.

இதைச் சரிசெய்ய ஒரு வழிதான் மூர்த்தி சாருக்குத் தெரிகிறது. நான் சாட்சிக் கூண்டில் ஏறி, சொல்லைத் தவறாக எழுதியது நான் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எங்கள் மையத் தலைவர் வேண்டாம் என்கிறார். நான் எழுதிய வாக்குமூலங்கள் இன்னும் பதினொன்று வேறு வழக்குகளில் இருக்கின்றன. நான் தவறு செய்வேன் என்று ஒரு கோர்ட்டில் பதிவானால் அந்தப் பதினொரு குடும்பத்தின் பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அக்கா. திருத்தக் கடிதம் ஒன்று போட்டால் போதும் என்று பேச்சு நடக்கிறது.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பயமாக இருக்கிறது. உங்களிடம் மட்டும் இதைச் சொல்கிறேன்.

ஐலீன்


பாலோ
18 செப்டம்பர் 2023

ஐலீனுக்கு,

ஒன்பதாவது வரியைப் பார்த்தேன். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். நீ என்று எழுதுகிறேன், கோபத்தில் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் நீ.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. வாக்குமூலத்தில் ‘போலீஸ் அழைத்துச் சென்றார்கள்’ என்று நீ எழுதியிருக்கிறாய். நான் அப்படித்தான் சொன்னேன். அது பொய். ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போன விஷயமாக விசாரிக்க வேண்டும் என்று ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். ரூபேன் வீட்டில் இல்லை. மறுநாள் "நாமளே போய் நின்னுட்டா ஒன்னும் பண்ண மாட்டாங்கடா, தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று சொல்லி நான்தான் என் மோட்டாரில் பின்னால் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். ஸ்டேஷன் வாசலில், வேலைக்கு நேரமாச்சு, நீங்க போங்கக்கா என்றான். நானும் போய்விட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாசமாக யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தால்தான் எனக்கு மூச்சு வந்தது. உன் சொல் கையில் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். உன் தப்பு உன் தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் எல்லாவற்றையும் உன் தலையில் ஏற்றியது சரியில்லை.

இப்போது முக்கியமான விஷயம். முந்தாநாள் காளிதாஸ் என்று ஒருவர் வந்தார். ரூபேனோடு அதே லாக்கப்பில் இருந்தவர். பிறகு சிறைக்குப் போய், விடுதலையாகி வந்து இரண்டு வாரம் ஆகிறது. ரூபேன் டாக்டர் வேண்டும் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தானாம். நடிக்காதே என்று சொல்லி வயிற்றில் உதைத்தார்களாம். இது மூன்றாம் நாள். அதற்குப் பிறகுதான் நான் அவனைக் கோர்ட்டில் பார்த்தேன்.

விசாரணையில் வந்து சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "எப்படிங்க வர்றது? கூடப் பொறந்த அக்காவே குடிபோதைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டுட்டான். நான் உள்ள இருந்துட்டு வந்தவன். என் பேச்சு எடுபடுமா? திரும்ப என்னைத்தான் பிடிப்பாங்க" என்றார். சொல் மாறினால் வருவேன் என்கிறார்.

திருத்தக் கடிதமெல்லாம் அவர் பார்க்க மாட்டார். நீ ஏறினால் அவர் ஏறுவார். நானும் என் பொய்யை ஏறிச் சொல்கிறேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். நீ ஏறுவாய் என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறேன். அந்தப் பதினொரு குடும்பத்தை நினைத்தால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை.

சந்திரமதி


ஜொகூர் பாரு
30 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஏறுகிறேன்.

உங்கள் கடிதத்தை, நீங்கள் மறைத்ததைச் சொன்ன பகுதியை விட்டுவிட்டு, கூட்டத்தில் படித்துக் காட்டினேன். மூர்த்தி சார் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். எங்கள் தலைவர் ரபேல் அங்கிள் பழைய ஆள், சட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டார். "பதினொரு குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது ஐலீன்?" என்று மறுபடியும் அதையே கேட்டார். மூர்த்தி சார்தான், "பதில் சொல்ல வேணாம் அங்கிள், போய்ப் படிச்சுக் காட்டிருவோம்" என்றார்.

அப்படியே செய்தோம். அவர் குழுவிலிருந்து தமிழ் தெரிந்த இரண்டு பேரை அனுப்பினார். ஒரே வாரத்தில் பதினொரு வீட்டுக்கும் போய், நான் எழுதியதை அவர்கள் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வீட்டில் திருத்தம் இருந்தது. ஒன்று தேதி. இன்னொன்று, ‘சின்னவர்’ என்று ஒரு தாய் சொன்னதைச் சின்ன மகன் என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது சித்தப்பாவை. அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் விஷயத்தை நீங்கள் மூர்த்தி சாரிடம் விசாரணைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர் நல்ல மனிதர், குத்திக்காட்ட மாட்டார். நீங்கள் ரூபேனைக் கொண்டுபோய் விட்டதில் தப்பு எதுவும் இல்லை அக்கா. சட்டத்தை நம்பிப் போனீர்கள். நான் சொல்லி உங்கள் மனசு ஆறாது என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

அன்புடன்,
ஐலீன்


பாலோ
14 அக்டோபர் 2023

ஐலீனுக்கு,

கோர்ட்டில் உன்னோடு பேச முடியவில்லை. லிஃப்ட் பக்கம் உன்னைப் பார்த்தபோது பேசினால் அழுதுவிடுவேன் என்று திரும்பிக்கொண்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். அதனால்தான் வந்ததும் எழுதுகிறேன்.

நீ கூண்டில் நின்றதைப் பார்த்தேன். அந்தப் போலீஸ் தரப்பு வக்கீல் எப்படிச் சுற்றிச் சுற்றி வந்தார்! "ஆக, நீங்க எழுதுறதை நம்ப முடியாது, அப்படித்தானே?" என்று அவர் மலாயில் கேட்டார். நீ நீதிபதி பக்கம் திரும்பினாய். பிறகு, "இந்தச் சொல்லை நம்ப முடியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். மத்ததை அந்தக் குடும்பங்ககிட்டயே கேட்டுப் பாருங்க, நாங்க கேட்டுட்டோம்" என்றாய். மூர்த்தி சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்தார்.

என் முறை வந்தபோது ரூபேன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். நிதானமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. அவள் ‘பெங்சான்’ என்று சொன்னாள், மயங்கி விழப் போவது போல் இருக்கிறது என்று. அது சரியா என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். சரி என்றேன். ஸ்டேஷனில் நானே கொண்டுபோய் விட்டதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பசித்தது, அவ்வளவுதான்.

காளிதாஸ் பேசியதை நீ கேட்டாய். அவர் ஏறியதே எனக்குப் போதும் என்று அன்றைக்கு இருந்தது.

போனில் உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. உன்மேல் கோபமில்லை. எழுதப் பழகிவிட்டது.

சந்திரமதி அக்கா


ஜொகூர் பாரு
7 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீர்ப்பு நாளன்று அந்த மண்டபத்தில் உட்கார முடியாது என்று நீங்கள் வரவில்லை. உங்களுக்காக நான் கேட்டு, தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்பது பக்கம். மூர்த்தி சாரின் ஆட்கள் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஏதாவது சொல் உறுத்தினால் உடனே எழுதுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். ரூபேந்திரன் நோயால் சாகவில்லை, தானாக விழுந்து சாகவில்லை. காவலில் இருந்தபோது வயிற்றில் ஏற்பட்ட அடியால் உள்ளே இரத்தம் கசிந்து இறந்தார். டாக்டர் வேண்டும் என்று பல முறை கேட்டார், கொடுக்கப்படவில்லை. கோர்ட்டுக்கு வந்த அன்று அவர் மயக்க நிலையில் இருந்தார், அவரைப் பார்த்த எவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குடிபோதையில் இருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இந்தக் கடைசி வரியை நீதிபதி நிறுத்தி இரண்டு முறை வாசித்தார்.

உதைத்தது எந்தக் கை என்று தீர்மானிக்கச் சாட்சியம் போதவில்லை என்றும் சொல்லிவிட்டார். காளிதாஸால் ஆளை அடையாளம் காட்ட முடியவில்லை. வழக்குப் போடுவதா என்று இனி அரசு வழக்கறிஞர்தான் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் விடப் போவதில்லை, ஆனாலும் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. பாதிதான் கிடைத்திருக்கிறது அக்கா.

பேப்பர்காரர்களும் வந்திருந்தார்கள். இந்த முறை அறிக்கையைத் தமிழிலேயே முதலில் எழுதினோம்.

அன்புடன்,
ஐலீன்


பாலோ
23 ஜூன் 2024

அன்புள்ள ஐலீனுக்கு,

வியாழக்கிழமை நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் செடெனாக்கிலிருந்து பிரேமலா என்று ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். காளிதாஸ் மூலம் என் போன் நம்பர் கிடைத்திருக்கிறது. அவள் புருஷன் செல்வாவை மூன்று நாளாக ஒரு ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். காலையில் கோர்ட்டில் பார்த்தபோது நெஞ்சு அடைக்கிறது என்று சொன்னாராம். "அக்கா, நான் யார்கிட்ட போறது, என்ன சொல்றது, ஒன்னும் தெரியலக்கா" என்று அழுதாள். புருஷன் சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எழுதியதை அவளிடம் திரும்பப் படித்துக் காட்டினேன். பிறகுதான் தடுத்து வைத்திருந்த உன் எண்ணைத் திறந்து உன்னைக் கூப்பிட்டேன்.

ஒரு மணிக்கு நீ மூர்த்தி சாரிடம் சொன்னாய். இரண்டு மணிக்குள் அவர் ஸ்டேஷனுக்குக் கடிதம் அனுப்பி, ரூபேனுடைய தீர்ப்பின் பக்கத்தையும் சேர்த்து வைத்து, டாக்டர் பார்க்காவிட்டால் யார் பொறுப்பு என்று பெயர் கேட்டார். வெளிநாட்டு ஆட்களும் எழுதினார்களாம். நீ ரபேல் அங்கிளோடு ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாய். இதுவரை உனக்குத் தெரியும்.

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். நான்கு மணிக்கு செல்வாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் பிரேமலாவும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையை விடவே இல்லை. விரல் நகம் என் கையில் குத்தியது, நான் எடுக்கச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்து, இருதயத்தில் அடைப்பு, சரியான நேரத்தில் வந்தார், பிழைத்துக்கொள்வார் என்றார்.

பிரேமலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். என் அழுகையில் பாதிக்குமேல் பொறாமை, ஐலீன். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்துவிட்டான், எனக்குத் தம்பி கிடைக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் அவளுக்குச் சாப்பிட ஏதாவது வாங்கினேன்.

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். செல்வா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், ரூபேன் வயசுதான் இருக்கும். நான் யார் என்று பிரேமலாவிடம் கேட்டார். சொந்தக்காரங்க என்றாள்.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் ரூபேன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிரேமலாவின் போனில் இப்போது மூன்று பேர் பெயர் இருக்கிறது. உன்னுடையதும் மூர்த்தி சாருடையதும் இருக்கிறது. முதலில் என்னுடையதைத்தான் போட்டு வைத்திருக்கிறாள்.

சந்திரமதி அக்கா